சாக்கில் வளரும் கீரை: இடமில்லாத பள்ளியில் ஒரு செங்குத்துத் தோட்டம்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆசிரியர் அறைப் பெஞ்சில் படுக்க வைத்தோம். சிறிது நேரத்தில் எழுந்துவிட்டாள். பின்னர் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து பார்த்தபோது அவளுக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். கீரை சாப்பிடச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய வாரம்தான் அதே வகுப்பில் சத்துகளைப் பற்றி நடத்தியிருந்தேன். "இரும்புச்சத்து: கீரை, பேரீச்சை, வெல்லம்" என்று கரும்பலகையில் எழுதினேன். அவளும் எழுதிக்கொண்டாள். தேர்வில் கேட்டால் இரண்டு மதிப்பெண் வாங்கியிருப்பாள்.

"வீட்டுல கீரை சாப்பிடுவியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். அம்மா ஆறு மணிக்கே வேலைக்குப் போயிடுவாங்க. கீரைய ஆய்ஞ்சு, மண்ணு போகக் கழுவி... அதுக்கெல்லாம் யாருக்கு டீச்சர் நேரம் இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. இது அவள் ஒருத்தியின் கதையும் அல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தாம் இவர்கள்.

பள்ளியிலேயே கீரை வளர்த்தால் என்ன என்ற எண்ணம் அன்று வந்தது. உடனே ஒரு தடையும் வந்தது. எங்கள் பள்ளி இருப்பது வடசென்னையில். மூன்று பக்கமும் வீடுகள், ஒரு பக்கம் தெரு. வழிபாட்டுக் கூட்டம் நடக்கும் சிமெண்ட் தளம்தான் விளையாட்டுத் திடலும். பாத்தி கட்ட ஒரு சதுர அடி மண் கிடையாது. தரையில் இடமில்லை என்றால் மேல்நோக்கித்தான் போக வேண்டும். அப்படிப் போனதில் தோற்றதையும் தேறியதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் பள்ளியிலும் இடம் இல்லையென்றால் இது பயன்படக்கூடும்.

முதல் ஆண்டு: நாற்பது பாட்டில்கள்

செங்குத்துத் தோட்டம் புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் 1938இலேயே செடிகள் வளரும் சுவர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பெருநகரங்களின் மேம்பாலத் தூண்களில்கூட அழகுச் செடிகள் தொங்குகின்றன. படங்களில் பார்த்ததைப் போலவே நாங்களும் தொடங்கினோம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்களைப் படுக்கவைத்து, மேல்பக்கம் சன்னல் போல வெட்டி, நைலான் கயிற்றில் கோத்து, சுவரில் தொங்கவிட்டோம். பத்து வரிசை, வரிசைக்கு நான்கு, மொத்தம் 40 பாட்டில்கள். பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. வந்தவர்களெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மார்ச் மாதம் பாதிச் செடிகள் காய்ந்துவிட்டன. மூன்று தவறுகள் நடந்திருந்தன.

முதலாவது, ஒரு பாட்டிலில் பிடித்த மண் ஒன்றேகால் லிட்டர்தான். அவ்வளவு குறைந்த மண் வெயிலில் விரைவில் சூடேறும், விரைவில் உலரும். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போய்விடும். சனி, ஞாயிறு விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். பாட்டில் கண்ணாடி போல இருந்ததால் வேரில் வெளிச்சம் பட்டு, உள்ளே பாசியும் படிந்தது.

இரண்டாவது, வழிந்த தண்ணீர் சுவரில் இறங்கிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. தலைமையாசிரியர் கோபப்படவில்லை, ஆனால் அந்தச் சுவரை ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். சுவரை நனைக்காமலிருக்க அடியில் தட்டுகள் வைத்தோம். அதுதான் மூன்றாவது தவறு. கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் வந்து, தட்டில் நெளிந்த கொசுப்புழுக்களை டார்ச் அடித்துக் காட்டினார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த அளவு நல்ல தண்ணீர் போதும். சத்துக்காகத் தொடங்கிய தோட்டம் காய்ச்சலுக்குக் காரணமாகியிருக்கும். அன்றே எல்லாத் தட்டுகளையும் எடுத்துவிட்டோம்.

கணக்கு காட்டிய வழி

"ஏன் தோற்றோம்?" என்பதையே பாடமாக்கினேன். ஒரு பாட்டிலின் சன்னலை அளக்கச் சொன்னேன். நீளம் 20 செ.மீ., அகலம் 7 செ.மீ. பரப்பு 140 சதுர செ.மீ. நாற்பது பாட்டில்களுக்கு 5,600 சதுர செ.மீ., அதாவது ஏறக்குறைய 6 சதுர அடி. நாங்கள் பயன்படுத்திய சுவர் 12 அடிக்கு 5 அடி, 60 சதுர அடி. பார்வைக்குச் சுவர் முழுவதும் தோட்டம், உண்மையில் செடி முளைக்கும் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்குதான்.

அப்போதுதான் சாக்குத் தோட்டம் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. கென்யத் தலைநகர் நைரோபியில் கிபேரா என்ற நெரிசலான குடியிருப்பு இருக்கிறது. அங்கே மக்கள் வீட்டு வாசலில் சாக்கை நிறுத்தி, மண்ணை நிரப்பி, அதன் பக்கங்களில் துளையிட்டுக் கீரை வளர்க்கிறார்கள். அவர்கள் வளர்க்கும் முக்கியமான கீரையின் பெயர் 'சுக்குமா விக்கி'. சுவாஹிலி மொழியில் அதற்கு 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். கையில் காசு இல்லாத வாரத்தைத் தள்ள உதவும் கீரை!

நம் வீடுகளில் கிடைக்கும் 25 கிலோ அரிசிப் பையில் மண் நிரப்பினால் அது ஓர் உருளை. நாங்கள் நிரப்பிப் பார்த்த பையின் சுற்றளவு 88 செ.மீ. வந்தது. அப்படியானால் ஆரம் 14 செ.மீ. மண்ணின் உயரம் 60 செ.மீ. மாணவர்கள் போட்ட கணக்கு இது:

மேற்பரப்பு: 22/7 × 14 × 14 = 616 சதுர செ.மீ.
வளைபரப்பு: 88 × 60 = 5,280 சதுர செ.மீ.
கன அளவு: 616 × 60 = 36,960 கன செ.மீ., அதாவது சுமார் 37 லிட்டர்.

பை தரையில் பிடிக்கும் இடம் முக்கால் சதுர அடிகூட இல்லை. வளைபரப்போ அதைப் போல எட்டரை மடங்கு. நாற்பது பாட்டில்களின் பரப்பு ஏறக்குறைய ஒரே சாக்கின் பக்கங்களில் கிடைத்துவிடுகிறது. வளைபரப்பு முழுவதும் விதைக்க முடியாது, துளைகளில்தான் செடி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இலை விரிய வெளி வேண்டுமே, அது அங்கே கிடைக்கிறது. அதைவிட முக்கியம், 37 லிட்டர் மண் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் ஈரம் இரண்டு நாள் தாங்குகிறது. பத்தாம் வகுப்பில் அளவியல் நடத்தும் நண்பர்களுக்கு இதைவிட நல்ல கற்பித்தல் துணைக்கருவி கிடைக்காது.

சாக்கைத் தயார் செய்யும் முறை

1. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஒரு சாக்குக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்கலாம்.

2. சாக்கின் அடியில் நான்கைந்து துளைகள் இடுங்கள். இரண்டு செங்கற்களின் மேல் சாக்கை நிறுத்தினால் தண்ணீர் தேங்காது, தட்டும் தேவைப்படாது. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தால் சுவரும் நனையாது.

3. நடுவில் மூன்று அங்குல பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தி, அதற்குள் சிறு ஜல்லி அல்லது செங்கல் துண்டுகளைப் போடுங்கள். குழாயைச் சுற்றி மண் கலவையை நிரப்புங்கள். மண் உயர உயரக் குழாயை மேலே இழுத்து, மீண்டும் ஜல்லி போடுங்கள். கடைசியில் குழாய் வெளியே வந்துவிடும், நடுவில் ஒரு கல் தூண் நிற்கும். தண்ணீரை இந்தத் தூணில்தான் ஊற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மேலே சேறாகவும் அடியில் புழுதியாகவும் இருக்கும். எங்கள் முதல் சாக்கு அப்படித்தான் ஆனது.

4. ஒரு நாள் தண்ணீர் ஊற்றி மண் அமிழ்ந்த பிறகு பக்கங்களில் துளையிடுங்கள். 15 செ.மீ. இடைவெளியில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஐந்து துளைகள். மேல் துளைக்கு நேர் கீழே அடுத்த துளை வராமல் மாற்றி மாற்றி அமையுங்கள். கத்தி பிடிக்கும் வேலை ஆசிரியருடையது.

ஈரமான சாக்கு 35, 40 கிலோ வரை கனக்கும். ஆகவே எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே வைத்து நிரப்புங்கள்.

எந்தக் கீரையை எங்கே நடுவது?

பக்கத் துளைகளுக்கு விதை சரிவராது, தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். தண்டு நட்டு வளரும் கீரைகள் ஏற்றவை. பொன்னாங்கண்ணி, புதினா, கொடிப்பசலை ஆகியவற்றுக்கு நாற்றங்கால் தேடி அலைய வேண்டாம். சந்தையில் வாங்கும் கட்டிலேயே நாற்று இருக்கிறது. இலையைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டு, மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டை எடுத்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி செருகினால் போதும். கணுவிலிருந்து வேர் விடும். வல்லாரையை வேர்விட்ட ஓடு தண்டாக நடலாம். புதினாவும் வல்லாரையும் அரை நிழலைத் தாங்கும், அவற்றைச் சாக்கின் நிழல் பக்கத்தில் வையுங்கள். கொடிப்பசலையை உச்சியில் நட்டு, சன்னல் கம்பிக்கு ஒரு கயிறு கட்டிவிட்டால் அதுவே ஏறிக்கொள்ளும்.

விதைத்து வளர்க்கும் கீரைகளுக்கு அகலமான தொட்டிகளோ தட்டையான வளர்ப்புப் பைகளோ வேண்டும். இவற்றை அடுக்குத் தட்டில் வைக்கிறோம். ஓர் அடி அகலத் தட்டுகள் நான்கு. ஒவ்வொன்றும் கீழ்த் தட்டிலிருந்து அரை அடி பின்வாங்கியிருக்கும். தட்டின் நீளம் 6 அடி என்றால் விதைக்கும் பரப்பு 24 சதுர அடி, தரையில் பிடிக்கும் இடம் 15 சதுர அடி. முழுப் படிக்கட்டாக ஓர் அடி ஓர் அடியாகப் பின்வாங்கினால் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்று மாணவர்களைக் கேளுங்கள். ஒன்றும் மிச்சமாகாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்!

சிறுகீரை, வெந்தயக்கீரை இரண்டும் 20 முதல் 25 நாளில் பறிப்புக்கு வரும். பொறுமை குறைந்த சின்ன வகுப்புகளுக்கு இவைதான் ஏற்றவை. அரைக்கீரையும் பாலக்கும் ஒரு மாதம் எடுக்கும், ஆனால் வேரோடு பிடுங்காமல் வெட்ட வெட்டத் தழைக்கும். கீரை விதை மிகப் பொடியானது, மணலோடு கலந்து தூவினால்தான் பரவலாக விழும். வெந்தயத்தை இரவே ஊறவையுங்கள். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதையுங்கள். கொத்தமல்லிக்கு வெயில் ஆகாது, சூடு கூடினால் தழைக்காமல் பூத்துவிடும். பனிக்காலத்தில் போடுங்கள்.

வெயிலையும் நாட்காட்டியையும் பார்த்து

கீரைக்கு ஒரு நாளில் நான்கு முதல் ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். இடம் தேர்ந்தெடுப்பதற்கு முன் மாணவர்களிடம் சாக்பீஸ் கொடுத்து, காலை 8 மணி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலின் எல்லையைத் தரையில் வரையச் சொல்லுங்கள். ஒரே நாளில் பள்ளியின் வெயில் வரைபடம் தயார். ஆனால் அந்த வரைபடம் ஆண்டு முழுவதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் இறுதி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நிழலில்லா நாள் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் வடக்குச் சுவர் வெயில் பெறும். மற்ற மாதங்களில் தெற்குச் சுவருக்குத்தான் வெயில். எளிய வழி, காலை வெயில் படும் கிழக்குப் பக்கம். பிற்பகல் கடும் வெயிலிலிருந்து செடி தப்பிக்கும்.

பள்ளி நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். ஜூன் இறுதியில் விதைத்தால் காலாண்டு விடுமுறைக்கு முன் இரண்டு மூன்று பறிப்புகள் எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழை இளங்கீரையை அடித்துச் சாய்த்துவிடும், அப்போது தண்டுக் கீரைகள் மட்டும் போதும். ஜனவரியில் மீண்டும் விதைக்கலாம். கோடை விடுமுறைக்கு முன் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மண்ணைக் கொட்டிக் காயவையுங்கள். இரண்டு மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்று காவலரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. பிளாஸ்டிக் சாக்கு ஒரு கோடை வெயிலுக்குப் பிறகு நார் நாராகப் பிரியும். துகள் மண்ணில் கலக்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

சாலையோர மண்ணை அள்ளாதீர்கள். பழைய பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா எதையும் தொட்டியாக்காதீர்கள். ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் கீரையில் சேரக்கூடியவை. கழிவுநீர் கலக்கும் தண்ணீர் கூடாது.

பூச்சிக்கு ரசாயன மருந்து வேண்டாம். புழுவைக் கையால் பொறுக்கலாம். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்தபின் ஒரு வாரம் பறிக்காதீர்கள்.

மொட்டை மாடிக்கு மாணவர்களை ஏற்றாதீர்கள். சுவரின் உறுதி தெரியாமல் கனம் தொங்கவிடாதீர்கள். எங்கேயாவது தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். எங்கள் பள்ளியில் அதற்கு வெள்ளிக்கிழமை, பொறுப்பு ஆறாம் வகுப்பு. பறித்த கீரையைச் சத்துணவில் சேர்ப்பதாக இருந்தால் தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர் இருவரின் ஒப்புதலும் முதலில் வேண்டும்.

எவ்வளவு கிடைத்தது?

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பத்துச் சாக்குகளும் ஓர் அடுக்கும் சேர்ந்து, நல்ல பறிப்பு நாளில் மூன்று கிலோ கீரை தந்தன. எங்கள் பள்ளியில் 300 பிள்ளைகள். ஆளுக்கு 10 கிராம். இதனால் யாருடைய இரத்தசோகையும் தீராது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு நீக்க மாத்திரையும் மருத்துவரும் வேண்டும். இதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. கீரையிலுள்ள இரும்புச்சத்தில் உடல் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான், எலுமிச்சை, நெல்லி போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி சேர்ந்தால் அது கூடும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். "கீரை நல்லது" என்ற ஒரு வரியைவிட இது பயனுள்ள பாடம்.

கீரை போட்ட சாம்பார் நாளில் நான் தட்டுகளைக் கவனித்தேன். முன்பெல்லாம் கீரை தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். அன்று "இது எங்க சாக்குக் கீரை" என்ற பேச்சுதான் அதிகம் கேட்டது. எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஒதுக்கியவர்கள் குறைந்திருந்தார்கள்.

மயங்கி விழுந்த அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள். ஒரு நாள் ஐந்தாறு பொன்னாங்கண்ணித் தண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். குடியிருப்பின் மாடிப்படி ஓரத்தில் ஓர் அரிசிப் பையில் நட்டிருக்கிறாளாம். சில வாரங்கள் கழித்து, "அம்மாவுக்கு நேரம் கிடைக்குதா?" என்று விசாரித்தேன்.

"ஆயவே வேணாம் டீச்சர். பருப்பு வேகும்போது நான் போய் பத்துப் பதினஞ்சு இலை கிள்ளிட்டு வந்து, கழுவிப் போட்டுடுவேன். வேரும் இல்ல, மண்ணும் இல்ல."

கீரை சாப்பிடாததற்கு அவள் சொன்ன காரணத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். அடுத்த முறை ஏழாம் வகுப்பில் சத்துகள் பாடம் வந்தபோது, கரும்பலகையில் எழுதுவதற்கு முன் அவளை அழைத்து, தண்டு நடுவது எப்படி என்று காட்டச் சொன்னேன்.